தலைவர் பார்த்த பிறகு

தில்லியில் இரண்டு தமிழர்கள் கூடினால் ஒரு சங்கம், மூன்றாமவர் வந்து சேர்ந்தால் இரண்டு சங்கம். என் மாமனார் செயலாளராக இருக்கும் சங்கம் அப்படி ஒரு மூன்றாமவரின் கோபத்தில் பிறந்தது. அதற்கென்று ஒரு வாடகை மாடி, மாடியில் ஒரு கூடம், கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் 'உபயம்' என்று போட்டு, வாங்கிக் கொடுத்தவரின் பெயரும் அவர் ஓய்வு பெற்ற பதவியும் பெயிண்டில் எழுதியிருக்கும். பெயர் சின்னதாக இருக்கும், பதவி பெரிதாக இருக்கும். அந்தச் சின்ன அறையில்தான் நான் ஒரு கோடை முழுவதையும் தொலைத்தேன்.

நான் குர்காவ்ன் பக்கம் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பிறர் எழுதிய மென்பொருளை இயந்திரங்களில் நிறுவி, அது விழாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. விழாதவரை என்னை யாருக்கும் தெரியாது. விழுந்துவிட்டால் என் பெயர் எல்லோருக்கும் தெரியும். இந்த வேலையை விரும்பித்தான் செய்கிறேன். இயந்திரங்களிடம் ஒரு நேர்மை உண்டு. முடியாததை முடியாது என்று உடனே சொல்லிவிடும்.

எங்கள் வீடு ஜங்புராவில். எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்மணி விழுப்புரம் பக்கத்துக்காரர், பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில், மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் குடியிருந்தார். நடந்து வந்துவிடுகிற தூரம். அந்த ஜூனில் கேம்ப்பை இடித்தார்கள். அவருக்கு நகரத்தின் வடகோடியில், நரேலாவில், ஒரு ஃப்ளாட் கொடுத்தார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் இருந்ததால் கிடைத்ததைக் குறை சொல்ல அவர் கூசினார். இருட்டு பிரியுமுன் கிளம்பி மூன்று பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் கஷ்டத்தை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. அவருக்கு இருந்த கவலை மகளைப் பற்றியது.

மகள் ஒன்பதாம் வகுப்பு. லக்ஷ்மிபாய் நகரில் தமிழ்வழியில் படித்துக்கொண்டிருந்தாள். ஹிந்தி பேசுவாள், தில்லியில் பிறந்தவள் பேசாமல் என்ன. ஆனால் கணக்கும் விஞ்ஞானமும் அவளுக்குத் தமிழில்தான் தெரியும். நரேலாவில் வீட்டருகே இருக்கும் பள்ளி ஹிந்திவழி. பழைய பள்ளிக்கே காலையில் அம்மாவோடு வந்துவிடலாம், ஆனால் மதியம் தனியாக மூன்று பஸ் மாறித் திரும்ப வேண்டும். அதற்கு வீட்டில் சம்மதமில்லை. கேம்ப்பிலிருந்து அங்கே போன இன்னும் பல பிள்ளைகளுக்கும் இதே நிலைமை. காலையில் கூட்டிவர ஒரு பஸ், மதியம் கொண்டுவிட அதே பஸ். வேண்டியது அவ்வளவுதான்.

அவரே கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நாம தனியா கேட்டா எடுக்க மாட்டாங்களாம் அக்கா. ரிஜிஸ்டர் பண்ண சன்ஸ்தா எதுனா லெட்டர் குடுக்கணுமாம். லீவு முடிஞ்சி இஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஜல்தி குடுத்தா பாக்கலாம்னு அந்த ஆபீசு பையா சொன்னாரு. நம்ம ஐயாவோட சங்கம் ரிஜிஸ்டர் பண்ணதுதானே?"

ஐயா என்றால் என் மாமனார். திருநெல்வேலிக்காரர். ஒரு அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு எங்களோடு இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கியது. அதை நான் மறைக்க மாட்டேன்.

"செஞ்சிருவோம்மா. இதுக்கு இல்லன்னா சங்கம் எதுக்கு?"

அன்றே நான்கு வரியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இன்ன இடத்திலிருந்து இன்ன பள்ளிக்கு, இத்தனை பிள்ளைகளுக்கு, ஒரு பஸ் வேண்டும். சங்கத்தின் தாளில் அச்சிட்டுத் தலைவர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இரண்டு நாளில் போய்விடும் என்று நம்பினேன். எனக்கும் வயது நாற்பதை நெருங்குகிறது, இருந்தும் நம்பினேன்.

அந்த வார இறுதியில் செயற்குழு கூடியது. செயற்குழு என்பது மூன்று பேர். என் மாமனார் ஒருவர். துணைத் தலைவர், தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், காற்புள்ளியைக்கூடச் சந்தேகத்தோடு பார்ப்பார். தலைவர், கோயமுத்தூர்க்காரர், ஜாயிண்ட் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். வருஷத்தில் பாதி நாள் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருப்பார். அன்றும் அங்கேதான் இருந்தார். சோபாவில் சாய்ந்துகொண்டு வீடியோவில் தலைமை தாங்கினார்.

அதுவரை சங்கத்தின் கடிதங்கள் வாட்ஸப்பில் தயாராகிக்கொண்டிருந்தன. 'ஃபைனல்' என்று ஒருவர் அனுப்புவார். 'ஃபைனல் திருத்தியது' என்று அடுத்தவர் அனுப்புவார். மூன்றாமவர் முதல் ஃபைனலைத் திருத்தி அனுப்புவார். போன பொங்கல் விழா அழைப்பிதழில் இரண்டு தேதிகள் அச்சாகி, இரண்டு நாளும் ஆள் வந்தது. இனி எல்லோரும் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் எழுதுகிற மாதிரி ஒரு வசதி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அது இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது, இப்போதே காட்டுகிறேன் என்றேன். தலைவருக்கு முகம் சுருங்கியது.

"அதெப்படிங்க? நம்ம சங்கத்து விசயமெல்லாம் அமெரிக்காக்காரன் சர்வர்ல கெடக்கறது நல்லாருக்குங்களா? நம்ம எடத்துல, நம்ம மிசின்ல இருக்கோணும்."

இதை அவர் அமெரிக்காவில் இருந்து சொன்னார். எனக்கு மட்டும்தான் சிரிப்பு வந்தது.

"ஒரு மிஷின் படுத்துடுச்சுன்னா?" என்றார் துணைத் தலைவர். "மொத்த ரெக்கார்டும் போச்சே. க்ளஸ்டர்னு ஒண்ணு இருக்காமே, என் தங்கச்சி பையன் சொன்னான். அது பண்ணும்மா."

சரி, செய்கிறேன், ஆனால் பஸ் கடிதத்தை முதலில் காகிதத்தில் அனுப்பிவிடுவோம் என்றேன். மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், சபையில் செருப்போடு ஏறிவிட்டேனோ என்று தோன்றியது. தலைவர் கையை உயர்த்தி ஆசி கூறினார்.

"அவசரப்படாதீங்க. நம்ம புது வசதில மொதல் டாக்குமெண்ட்டே அந்த ஏழைப் புள்ளைங்க விசயமா இருக்கட்டும். எத்தனை நல்ல ஆரம்பம் பாருங்க!"

ஆக, ஏழைப் பிள்ளைகள் இவர்களுடைய நல்ல ஆரம்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

க்ளஸ்டர் என்பது கம்பசூத்திரம் இல்லை. பல இயந்திரங்களை ஒன்றாகக் கட்டி, ஒரே இயந்திரம் போல வேலை வாங்குவது. மென்பொருளை அதற்குத் தேவையான சாமான்கள் அனைத்தோடும் ஒரு டப்பாவில் அடைத்துவிடுவோம். அதற்குக் கண்டெய்னர் என்று பெயர். டப்பாவை எந்த இயந்திரத்தில் வைத்தாலும் அதே மாதிரி ஓடும். ஓர் இயந்திரம் விழுந்தால், அதன் டப்பாக்களை மற்ற இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு ஓட்டும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் அலுவலகத்தில் லட்சக்கணக்கானவர்களுக்காகச் செய்கிற ஏற்பாடு. அதை மூன்று கிழவர்கள் ஒரு கடிதம் எழுதுவதற்காகச் செய்யச் சொன்னார்கள். ஈயை அடிக்க இரும்பு உலக்கை.

இயந்திரங்களை மூவரும் ஆளுக்கொன்றாக உபயம் செய்தார்கள். மூன்றும் அவரவர் பிள்ளைகள் ஒதுக்கிப் போட்டவை; தலைவருடையது அவருடைய தில்லி வீட்டிலிருந்து ஆள் மூலம் வந்தது. கொண்டுவந்து வைத்த மறுகணமே கேள்வி வந்தது: இதில் எது தலைமை?

மூன்றும் சமம் என்றேன். எந்த நேரத்தில் எது முன்னின்று நடத்துவது என்பதை அவையே தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்துக்கொள்ளும், அது விழுந்தால் அடுத்த கணமே இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கும் என்றேன். மாமனார் உண்மையாகவே திடுக்கிட்டார்.

"சீனியாரிட்டி பாக்காதா?"

"பாக்காது மாமா."

"அது எப்பிடிம்மா முறையாகும்?"

ஒரு வார விடுமுறை எடுத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்தேன். வெளியே அனல் காற்று. உள்ளே ஒரு கூலர், அது காற்றையும் ஈரத்தையும் சேர்த்து என் முதுகில் அறைந்துகொண்டிருந்தது. ஆவணங்களைச் சேமிக்கும் சேவை ஒன்று, அதை உலாவியில் திறந்து பலர் சேர்ந்து எழுத வைக்கும் சேவை ஒன்று, அவை இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். ஒரே ஆவணத்தைத் திறக்கிறவர்கள் எல்லோரும் ஒரே டப்பாவுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆளுக்கொரு டப்பாவுக்குப் போனால் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. இதைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. பொங்கலுக்கு ஒரு தேதியில் சேர முடியாதவர்களை ஒரு டப்பாவில் சேர்த்துவிட்டேன் என்று அன்று எனக்கு ஒரே பெருமை.

எல்லாம் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து, தலைவர் கொடுத்த இயந்திரம் தினமும் மதியத்தில் நின்றுபோனது. சூடு என்று அறிக்கை சொன்னது. மெட்ரோ ஏறிப் போய்ப் பார்த்தேன். இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ளே காற்றுப் போக ஒரு சல்லடை இருக்கும். அதன் மேல், அதை முழுக்க மூடி, பசை போட்டுப் புதிதாக ஒட்டியிருந்தது ஒரு பித்தளைத் தகடு. உபயம், பெயர், இந்திய அரசின் ஜாயிண்ட் செக்ரட்டரி, அடைப்புக்குறிக்குள் ஓய்வு. மற்ற இரண்டு இயந்திரங்களிலும் தகடு இருந்தது. ஆனால் அவர்கள் பதவி சின்னது, தகடும் சின்னது, கொஞ்சம் காற்றுக்கு வழி இருந்தது.

பெயர்த்து எடுக்கலாம் என்று ஸ்பூனை உள்ளே விட்டேன். மாமனார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா! தலைவர் பேரு. அவுக வந்த பொறவு ஒரு வார்த்த கேட்டுட்டு எடுப்போம்."

"அதுவரைக்கும் மிஷின் மூச்சு முட்டிச் சாகட்டுமா?"

"அதான் மத்த ரெண்டும் பாத்துக்கிடும்னு சொன்னியே."

ஸ்பூனைக் கீழே வைத்தேன். சொன்னது உண்மைதான். தினமும் மதியம் தலைவரின் இயந்திரம் தன் புகழின் வெக்கையில் மயங்கி விழுந்தது. அதன் வேலையைத் துணைத் தலைவரின் இயந்திரமோ மாமனாரின் இயந்திரமோ சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. சாயங்காலம் ஆறியதும் அது எழுந்து வந்து சேர்ந்துகொண்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கடிதத்தை உள்ளே ஏற்றினேன். என் நான்கு வரி. மூவரும் திறந்தார்கள்.

இந்த மென்பொருளில், யார் எங்கே எழுதுகிறார்கள் என்று தெரிவதற்காக, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் கர்ஸர் துடிக்கும், தலையில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். நிறத்தை மென்பொருளே கொடுக்கும். முதல் நாள் மாமனாருக்குப் பச்சை வந்துவிட்டது. சுட்டுக்கொண்டவர் போல எழுந்தார்.

"எனக்குப் பச்ச வந்திருச்சும்மா! தலைவர் பாத்தா என்ன நெனப்பாரு?"

அரசாங்க ஆபீஸில் பச்சை மை பெரிய அதிகாரிகளுக்கு மட்டும். அண்டர் செக்ரட்டரி பச்சையில் எழுதினால் அது அத்துமீறல். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் அந்த மை அவர் மேல் இன்னும் காயவில்லை. வேறு நிறம் வரும்வரை ஆவணத்தை மூடி மூடித் திறந்தார். தலைவருக்கு ரோஜா நிறம் வந்தது. அதற்காக எனக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் வந்தது.

நிறத்தை ஒரு வழியாகத் தீர்த்துவைத்தேன். அடுத்து எழுத வேண்டும். துணைத் தலைவர், செயலாளர் எழுதட்டும் என்று காத்திருந்தார், ஏனென்றால் கோப்பு கீழிருந்துதான் மேலே வர வேண்டும். செயலாளரோ, தலைவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் எழுதப் பயந்தார். தலைவர், 'வரைவு சமர்ப்பிக்கப்படட்டும்' என்று ஓரத்தில் குறிப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். மூவரும் ஒரே நேரத்தில் எழுதலாம் என்பதற்காகத்தான் இத்தனை பாடும். அதில் மூவரும் ஒரே நேரத்தில் காத்திருந்தார்கள். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து தினமும் ஒரே கேள்வி.

"லெட்டர் போயிடுச்சா அக்கா?"

"போகுது, போகுது" என்பேன். சொல்லும்போதே எனக்கு எரியும்.

பிறகு ஒரு நாள் எழுதத் தொடங்கினார்கள். எழுதாமலே இருந்திருக்கலாம். சங்கம் தோன்றிய வரலாறு ஒரு பத்தி ஆயிற்று. சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் ஒரு பத்தி. பணிவு, தாழ்மை, மேலான கவனம், கனிவான பரிசீலனை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கவே மாட்டார், அது மரியாதைக் குறைவு. பக்கத்தில் இன்னொன்றைச் சேர்ப்பார். நான்கு வரி மூன்று பக்கம் ஆனது. அப்படி யாரும் எதையும் அழிக்காத ஆவணத்தில் ஒரே ஒரு சொல் மட்டும் அழிந்தது. பஸ்.

கடிதம் ஆங்கிலத்தில்தான்; தமிழில் சொன்னால், முதலில் 'பஸ்' என்பது 'போக்குவரத்து வசதி' ஆனது. மறுநாள் அது 'போக்குவரத்து உள்ளிட்ட வசதிகள்'. அதற்கு மறுநாள் 'தக்க ஏற்பாடுகள்'. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையை நான் உலாவியில் நேரடியாகப் பார்த்தேன். திருப்பி 'பஸ்' என்று எழுதினேன். காணாமல் போனது. மறுபடியும் எழுதினேன். மறுபடியும் போனது. மாமனாரிடம் நேராகவே கேட்டேன்.

"பஸ்ஸ ஏன் மாமா எடுத்தீங்க?"

"கவர்மெண்ட்கிட்ட இன்னதுதான் வேணும்னு குறிச்சுக் கேக்கப்படாதும்மா. அது அவுக அதிகாரத்துல நாம தலையிடுத மாதிரி ஆயிரும். தக்க ஏற்பாடு செய்யணும்னு அவுக கையில விட்டோம்னா, அவுகளே பாத்து நல்லதா செய்வாக."

"பஸ்னு கேட்டாத்தானே பஸ் வரும்?"

"நீ பிரைவேட்ல வேல பாக்க. இது ஒனக்கு வெளங்காது. நாப்பது வருசமா ட்ராஃப்ட் போட்ட கைம்மா இது."

நாற்பது வருஷமாக இந்தக் கை எத்தனை பேருடைய பஸ்ஸை அழித்திருக்கும் என்று நினைத்தேன். சொல்லியிருக்க வேண்டும்.

என் பிடிவாதம் தலைவர் காதுக்குப் போனது. 'தொழில்நுட்பத்தைக் கவனிப்பவர் உள்ளடக்கத்தில் தலையிடுவது முறையாகாது' என்று ஓரக்குறிப்பு வந்தது. எனக்கு இனி 'பார்க்க மட்டும்' உரிமை போதும் என்று முடிவு செய்தார்கள். அதை எப்படிச் செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்னையே செய்யச் சொன்னார்கள். செய்தேன். என் கையை நானே கட்டிக்கொண்டேன். நினைத்திருந்தால் பின்வாசல் வழியாக உள்ளே போய் என்ன வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் தலைவர் வரிவரியாகப் படிப்பார். பஸ்ஸை எங்கேயாவது கண்டால் இன்னொரு சுற்று ஆரம்பிக்கும், தேதி போய்விடும்.

கடைசி நாள் வந்தது. காலையில் தலைவர் ஆவணத்தைத் திறந்தார், அவருக்கு அங்கே மாலை. மாமனாரும் திறந்து வைத்திருந்தார். கடைசி வரியில் ரோஜா நிறக் கர்ஸர் துடித்தது. அதே வரியில் மாமனாரின் நீலக் கர்ஸர் துடித்தது. தலைவர் உள்ளே இருக்கிறார் என்று கண்டதும் மாமனார் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"மூடிட்டு வாங்க மாமா, அவர் கையெழுத்துப் போடட்டும்."

"அவுக இருக்கையில நான் எப்பிடிம்மா எந்திரிச்சுப் போக?"

அங்கே தலைவர் என்ன நினைத்தார் என்பது பிறகு தெரிந்தது. செயலாளரின் கர்ஸர் இன்னும் உள்ளே இருக்கிறது, கோப்பு இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது, அவர் விட்ட பிறகு பார்ப்போம் என்று அவரும் கை கட்டிக் காத்திருந்திருக்கிறார். பூமியின் இரண்டு பக்கத்தில் இரண்டு கிழவர்கள், ஒரே வரியில், ஒருவருக்கொருவர் வழிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அலுவலகத்துக்குத் தாமதமாகிவிட்டது என்று சொல்லி, மாமனாரின் லேப்டாப் மூடியை நானே அறைந்து சாத்தினேன். அடுத்த நிமிடம் தலைவரின் கையெழுத்து விழுந்தது. கடிதம் அன்று மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. சங்கத்தில் சமோசா வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பள்ளி திறந்தது. பஸ் வரும் என்று அந்தப் பெண் வீட்டில் காத்திருந்தாள். சீருடையை அம்மா துவைத்துத் தேய்த்து வைத்திருந்தார். ஜூலை முழுவதும் காத்திருந்தாள்.

ஆகஸ்டில் பதில் வந்தது. மாமனார் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"ஏத்துக்கிட்டாகம்மா! 'தாங்கள் கோரியபடி'ன்னே போட்டிருக்காக, பாரு!"

வாங்கிப் படித்தேன். தாங்கள் கோரியபடி தக்க ஏற்பாடு செய்யப்பட்டுவிட்டது, குழந்தைகள் அனைவருக்கும் அவர்கள் குடியிருப்பை ஒட்டிய பள்ளியில் இடம் அளிக்கப்பட்டுள்ளது, இத்துடன் இந்தக் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது. ஹிந்திவழிப் பள்ளி. எந்தப் பள்ளி வேண்டாம் என்று இத்தனை பாடும் பட்டோமோ, அந்தப் பள்ளி. அரசாங்கம் தப்பே செய்யவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டது.

சமையலறை வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"ஐயா சொல்றது கேட்டுச்சி. அப்ப பஸ்ஸு என்னிக்கிலேர்ந்து வரும் அக்கா?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நீங்களே சொல்லுங்கள் என்று காத்திருந்தேன். அவர் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பக்கத்துலயே பள்ளிக்கூடம் குடுத்துட்டாகம்மா. பஸ்ஸே தேவையில்ல. அலைச்சல் இல்லேல்லா?"

"சரிங்க ஐயா" என்றார். உள்ளே போய்க் குழாயைத் திறந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு எனக்குச் சொன்னார்.

"அங்க போய்க் கேட்டேன் அக்கா, போன மாசமே. இந்தில கணக்கு வரலன்னா எட்டாவதுலதான் ஒக்கார வெப்பேன்னாங்க. அவ மாட்டேன்னுட்டா. இந்த பஸ்ஸத்தான் நம்பிக்கினு இருந்தா. போவட்டும். ரெண்டு வீடு சேத்துப் புடிக்கறேன். நாளையிலேர்ந்து எங்கூட வேலைக்கி வரட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டில் நிற்க முடியவில்லை. ஆட்டோ பிடித்துச் சங்கத்துக்குப் போனேன். சின்ன அறையைத் திறந்து, பித்தளைத் தகடு ஒட்டிய இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போது அதுதான் ஆவணத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. விளக்குகள் அணைந்தன. நன்றாக இருந்தது. சிறிது நேரம் அந்த நல்ல உணர்வோடு நின்றேன்.

பிளக் கையில் இருக்கும்போதே மாமனாரின் ஃபோன் வந்தது. குரலில் கொஞ்சம் குழைவு, சமாதானப்படுத்துகிற குழைவு.

"வருத்தப்படாதம்மா. நம்மால ஆனதச் செஞ்சோம். பதிலையும் இப்பதான் சிஸ்டத்துல ஏத்துனேன். நடுவுல ஒரு நிமிசம் சுத்துச்சு, பொறவு ஜம்முன்னு தொறந்திருச்சு. ஆண்டு விழாவுல ஒனக்குப் பொன்னாடை போடணும்னு தலைவர் சொல்லியிருக்காரு."

எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தேன்! ஒன்று செத்தால் இன்னொன்று தூக்கிக்கொள்ளும். அந்த மூன்று பக்கத்தை இனி யாராலும் சாகடிக்க முடியாது. பிளக்கைத் தரையில் போட்டுவிட்டு, ஃபோனிலேயே கடிதத்தைத் திறந்தேன். சங்கத்தின் வரலாறு இருந்தது. முன்னாள் தலைவர்கள் வரிசையாக இருந்தார்கள். மேலே தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'பஸ்' என்று அடித்தேன்.

'எதுவும் கிடைக்கவில்லை' என்றது, கொஞ்சமும் தாமதிக்காமல்.